சின்ன வகுப்புக்கு முதல் மணி

2020 ஜூன் முதல் வாரம். கர்நாடகத்தின் 30 மாவட்டங்களில் கொரோனா கணக்கில் சேராமல் மிஞ்சியிருந்தது ஒன்றே ஒன்றுதான்: சாமராஜநகர். காடும் மலையுமாக விரிந்து கிடக்கும் ஹனூர் வட்டம் அந்த மாவட்டத்தின் கிழக்குக் கோடியில் இருக்கிறது. 1956 வரை கோயம்புத்தூர் மாவட்டத்தோடு இருந்து, பிறகு மைசூரு மாவட்டத்தில் சேர்ந்து, 1997-இல் சாமராஜநகர் தனி மாவட்டமானபோது அதனோடு வந்த பூமி இது. வீட்டில் தமிழ் பேசும் குடும்பங்கள் இங்கே ஏராளம். மாதேஸ்வரன் மலையைத் தாண்டி, பாலாற்றுச் சோதனைச் சாவடியையும் கடந்தால் மேட்டூர் போகும் சாலை.

நோய் எட்டிக்கூடப் பார்க்காத அந்த மாதங்களிலும் ஹனூரின் பள்ளிக்கூடங்கள் பூட்டித்தான் கிடந்தன. பெங்களூருக்கு என்ன உத்தரவோ அதுவே மலைக்கிராமத்துக்கும். மார்ச் 2020-இல் பூட்டிய கதவு ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு மறுபடி திறந்தது 2021 அக்டோபர் 25 அன்று. இடையில் இரண்டு அலைகள் வந்து போயிருந்தன. நோய் இல்லாதபோது மூடி, நோய் ஊரைச் சுற்றி முடித்த பிறகு திறந்தோம்.

மூடியதே தவறு என்று இன்று உட்கார்ந்துகொண்டு சொல்வது நியாயமில்லை. அந்த மார்ச்சில் இந்தக் கிருமி குழந்தைகளை என்ன செய்யும் என்று யாருக்கும் தெரியாது. சாமராஜநகர் அவ்வளவு நாள் தப்பித்ததற்கே ஊரடங்கும் ஒரு காரணம். ஆனால் சில மாதங்களிலேயே தரவுகள் வரத் தொடங்கிவிட்டன. 'பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பலாமா, கூடாதா?' என்ற பெரிய கேள்வியை அளந்து பார்க்கக்கூடிய சின்னக் கேள்விகளாகப் பிரிக்க முடிந்தது. அப்படிப் பிரித்து ஒவ்வொன்றாகக் கேட்டிருந்தால், கடைசியாகத் திறந்த சின்ன வகுப்புகளைத்தான் நாம் முதலில் திறந்திருப்போம். இந்தக் கட்டுரை சொல்ல வருவது அதைத்தான்.

பள்ளிக்குள் ஒருவராவது இருப்பாரா?

முதல் கேள்வி: ஊரில் எவ்வளவு நோய் இருக்கிறது? ஆயிரம் பேரில் ஒருவருக்குத் தொற்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இருபது பிள்ளைகள் படிக்கும் மலைக்கிராமப் பள்ளியில், தொற்றோடு ஒருவராவது உள்ளே இருப்பதற்கான வாய்ப்பு வெறும் 2 சதவீதம். அதே நாளில், நோய் அதே அளவில் பரவியிருக்கும் ஒரு நகரத்தில், இரண்டாயிரம் பேர் படிக்கும் பள்ளியில் அந்த வாய்ப்பு 86 சதவீதம். கிருமி அதேதான், பரவலும் அதேதான். தலைக்கணக்கு மாறியதும் ஆபத்து தலைகீழாகிவிடுகிறது. ஊரில் நூற்றில் ஒருவருக்குத் தொற்று என்று ஏறினால், முப்பது பேர் இருக்கும் ஒரே வகுப்பில்கூட வாய்ப்பு 26 சதவீதமாகிவிடும். ஆக, ஊர் நிலவரமும் பள்ளியின் அளவும் தெரியாமல் 'பள்ளி பாதுகாப்பானதா?' என்று கேட்டால் பதிலே கிடையாது.

2021 ஆகஸ்டில் கர்நாடக அரசு இந்தத் திசையில் ஓர் அடி எடுத்து வைத்தது. பரிசோதனை செய்தவர்களில் தொற்று உறுதியானவர்கள் 2 சதவீதத்துக்குக் கீழே இருக்கும் மாவட்டங்களில் மட்டும் ஆகஸ்ட் 23 முதல் 9-ஆம் வகுப்புக்கு மேல் திறக்கலாம் என்றது. மாநிலம் முழுக்க ஒரே பூட்டு என்பதைவிட இது நல்ல வழி. ஆனாலும் அந்த 2 சதவீதம் யாரைப் பரிசோதிக்கிறோம் என்பதைப் பொறுத்து ஆடும் எண். காய்ச்சல்காரர்களை மட்டும் பரிசோதித்தால் ஏறும். நலமாக இருப்பவர்களையும் வரிசையில் நிறுத்தினால் இறங்கும். கொள்ளேகால் நகரின் கடைத்தெருவுக்கும் மாதேஸ்வரன் மலையின் காட்டுக் குடியிருப்புக்கும் ஒரே மாவட்ட எண் பொருந்தாது என்பது இன்னொரு குறை.

எண்ணைச் சரியாகப் படிப்பது எவ்வளவு கடினம் என்பதற்கு 2020-இன் பத்தாம் வகுப்புத் தேர்வு நல்ல சான்று. தமிழ்நாடு ஜூன் 9 அன்று தேர்வை ரத்து செய்து எல்லோரையும் தேர்ச்சி என்று அறிவித்தது. பாலாற்றுக்கு இந்தப் பக்கம் கர்நாடகம் ஜூன் 25-இல் தேர்வைத் தொடங்கி நடத்தியே முடித்தது. பதிவு செய்திருந்தவர்கள் ஏறத்தாழ எட்டரை லட்சம் பேர். தேர்வு முடிந்தபோது தொற்று உறுதியான மாணவர்கள் என்று அரசு சொன்ன எண்ணிக்கை 32. தேர்வு பாதுகாப்பாக நடந்தது என்பதற்கு இது நிரூபணமா? முழுமையாக இல்லை. அந்த வயதில் தொற்று வந்தாலும் பலருக்கு அறிகுறியே தெரியாது. அறிகுறி இல்லாதவரைத் தேடிப் பரிசோதிக்கவும் இல்லை. ஆனால் பயந்தபடி பெரிய விபரீதம் நடந்துவிடவில்லை என்பதை அது காட்டியது. கவனமாகப் படித்தால் அந்த எண் அவ்வளவுதான் சொல்லும். அதுவே அன்றைக்குப் பெரிய செய்தி.

அறையின் காற்று

இரண்டாவது கேள்வி வகுப்பறையைப் பற்றியது. கொரோனா முக்கியமாகக் காற்று வழியே பரவுகிறது. நோயாளி பேசும்போதும் பாடும்போதும் வெளிவரும் மிக நுண்ணிய துளிகள், மூடிய அறையில் ஊதுபத்திப் புகை தங்குவதுபோல் தங்கி நிற்கின்றன. கண்ணுக்குத் தெரியாத இதை அளக்க ஓர் அழகான குறுக்குவழி உண்டு: கரியமில வாயு.

வெளிக்காற்றில் பத்து லட்சம் பங்குக்கு ஏறத்தாழ 420 பங்கு கரியமில வாயு. நாம் விடும் மூச்சிலோ ஏறத்தாழ 40,000 பங்கு. வகுப்பறைக் காற்றில் அது எவ்வளவு என்று அளந்தால், நீங்கள் இழுக்கும் மூச்சில் எத்தனை பங்கு இன்னொருவர் விட்ட மூச்சு என்று கணக்குப் போட்டுச் சொல்லிவிடலாம்.

இருபதடிக்கு இருபதடி, பத்தடி உயரம் உள்ள ஒரு வகுப்பறை; உள்ளே முப்பது பிள்ளைகள். எதிரெதிர் சன்னல்களும் கதவும் திறந்திருந்து, மணிக்கு ஆறு முறை அறைக்காற்று முழுக்க மாறுகிறது என்றால் கரியமில வாயு 1,000 பங்கு அளவில் நின்றுவிடும். அப்போது அறுபது எழுபது மூச்சுக்கு ஒன்றுதான் பிறர் விட்டது. மழைக்காற்றுக்குப் பயந்து சன்னல்களைச் சாத்திவிட்டு, மணிக்கு ஒருமுறைதான் காற்று மாறுகிறது என்றால் சில மணி நேரத்தில் அது 4,000 பங்கை நெருங்கும். அப்போது ஏறத்தாழ பத்து மூச்சுக்கு ஒன்று இன்னொருவர் நெஞ்சுக்குள் போய் வந்தது. இரண்டும் ஒரே அறை, அதே பிள்ளைகள். வித்தியாசம் சன்னலின் தாழ்ப்பாள் மட்டுமே.

இது புதிய அறிவும் இல்லை. 1974-இல் நியூயார்க் மாநிலத்தின் ஒரு தொடக்கப் பள்ளியில் தட்டம்மை வந்த ஒரே ஒரு சிறுமியிடமிருந்து 28 பிள்ளைகளுக்கு அது தொற்றியது. அவர்களில் பெரும்பாலோர் அவளோடு ஒரே அறையில் உட்கார்ந்தவர்கள்கூட இல்லை. பள்ளியின் காற்றோட்டக் குழாய்கள் ஓர் அறைக் காற்றை மற்ற அறைகளுக்கும் சுற்றி அனுப்பியிருந்தன. ரைலி என்ற அறிவியலாளரும் அவருடைய குழுவினரும் அந்தப் பரவலை ஆராய்ந்து எழுதிய சமன்பாடுதான் இன்றும் காற்றுவழித் தொற்றைக் கணக்கிட உதவுகிறது.

சன்னல் திறந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் இல்லை. 2021 மே மாதம் கலிபோர்னியாவில், தடுப்பூசி போடாத ஓர் ஆசிரியர் அறிகுறிகளோடு வகுப்புக்கு வந்து, முகக்கவசத்தைக் கழற்றிவிட்டுப் பாடம் படித்துக் காட்டினார். 24 பிள்ளைகளில் 12 பேருக்குத் தொற்று. அவருக்குப் பக்கத்தில் இருந்த இரண்டு வரிசைகளில் பத்துக்கு எட்டுப் பேர். சன்னல்களும் கதவும் திறந்திருந்தன. காற்று வடிகட்டியும் ஓடியது. காற்றோட்டம் ஆபத்தைக் குறைக்கும். பெரியவரின் கவனக்குறைவை ஈடுகட்டாது.

திறந்தவெளியின் அருமை கர்நாடகத்துக்குத் தெரிந்தே இருந்தது. 2020 ஆகஸ்டில் தொடங்கிய 'வித்யாகம' திட்டத்தில் அரசுப் பள்ளி ஆசிரியர்கள் ஊர் ஊராகப் போய் மரத்தடியிலும் கோயில் மண்டபத்திலும் சின்னச் சின்னக் குழுக்களாகப் பிள்ளைகளை உட்காரவைத்துப் பாடம் எடுத்தார்கள். கைப்பேசி சிக்னல் இல்லாத ஊர்களுக்கு அதுதான் ஒரே பள்ளி. ஆசிரியர்கள் தொற்றுக்கு ஆளாகி இறந்ததாகச் செய்திகள் வந்ததும் அக்டோபரில் நிறுத்திவைத்தார்கள். மரத்தடியில் பிள்ளைக்கு ஆபத்து குறைவு. ஆனால் தடுப்பூசி வராத அந்த நாட்களில், பல குழுக்களைச் சந்தித்து வந்த நடுத்தர வயது ஆசிரியருக்கு அது குறைவு என்று சொல்லிவிட முடியாது. இங்கேதான் வயது என்ற மூன்றாவது கேள்வி வருகிறது.

வயது என்னும் அதிசயம்

தடுப்பூசி வருவதற்கு முன், பல நாட்டுத் தரவுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது கிடைத்த எண்கள் இவை. தொற்று ஏற்பட்டவர்களில் இறப்பு: பத்து வயதில் லட்சத்துக்கு 2 பேர். இருபத்தைந்தில் பத்தாயிரத்துக்கு ஒருவர். ஐம்பத்தைந்தில் ஆயிரத்துக்கு 4 பேர். எழுபத்தைந்தில் ஆயிரத்துக்கு 46 பேர். பேத்திக்கும் பாட்டிக்கும் நடுவே இரண்டாயிரம் மடங்குக்கு மேல் வித்தியாசம். ஒரே வீட்டில், ஒரே கிருமி, இவ்வளவு பேதம் காட்டுவது மருத்துவத்தில் அபூர்வம்.

காரணங்கள் பல. அவற்றில் ஒன்று மூக்குக்குள் இருக்கிறது. கொரோனா வைரஸ் உடலுக்குள் நுழையப் பற்றிக்கொள்ளும் 'ஏசிஇ-2' என்ற புரதத்தின் மரபணு, பத்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் மூக்கில் பெரியவர்களைவிடக் குறைவாகவே இயங்குகிறது என்று 2020-இல் நியூயார்க் ஆய்வு ஒன்று காட்டியது. குழந்தைகளின் மூக்குச் செல்கள் எப்போதும் விழித்த நிலையில் இருக்கின்றன, வைரஸ் வந்தவுடன் 'இன்டர்ஃபெரான்' என்ற எச்சரிக்கைப் புரதத்தைப் பெரியவர்களைவிட வேகமாக வெளியிடுகின்றன என்று அடுத்த ஆண்டு ஜெர்மானிய ஆய்வாளர்கள் கண்டார்கள். அபூர்வமாகச் சில குழந்தைகளுக்குத் தொற்று போன சில வாரங்களில் பல உறுப்புகளைத் தாக்கும் அழற்சி வந்ததும் உண்மை; அதை மறந்துவிடக் கூடாது.

நோய் கடுமையாக வராது என்பதற்காக, பிள்ளைகளிடமிருந்து பரவாது என்று அர்த்தமில்லை. இதைச் சொன்ன பெரிய ஆய்வு நம் ஊரிலிருந்தே வந்தது. தமிழ்நாட்டிலும் ஆந்திரத்திலும் சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகத் திரட்டிய தகவல்களை வைத்து, 84,965 நோயாளிகளையும் அவர்களோடு பழகிய 5,75,071 பேரையும் ரமணன் லட்சுமிநாராயணன் குழு ஆராய்ந்தது. 2020 செப்டம்பர் இறுதியில் 'சயின்ஸ்' இதழில் வந்த அந்தக் கட்டுரையின்படி, 71 சதவீத நோயாளிகளிடமிருந்து வேறு யாருக்கும் தொற்றியதாகத் தெரியவில்லை. சிலரிடமிருந்து பலருக்குப் பரவியது. ஒத்த வயதுக் குழந்தைகளுக்கிடையே பரவல் தெளிவாகவே தெரிந்தது. ஆகவே பிள்ளைக்கு ஆபத்து குறைவு என்பதோடு கேள்வி முடிந்துவிடாது.

வீட்டில் யார், ஆஸ்பத்திரி எங்கே?

நான்காவது கேள்வி பள்ளியிலிருந்து திரும்பும் பிள்ளை யாருடைய மடியில் போய் உட்காரும் என்பது. பெற்றோர் திருப்பூருக்கோ பெங்களூருக்கோ வேலைக்குப் போய்விட, தாத்தா பாட்டியிடம் வளரும் பிள்ளைகள் நம் கிராமங்களில் நிறைய. அந்தப் பாட்டிக்கு மூச்சுத் திணறல் வந்தால் எங்கே கொண்டுபோவது? ஹனூரிலிருந்து கொள்ளேகால் வழியாக மாவட்டத் தலைநகரான சாமராஜநகருக்கு அறுபது கிலோமீட்டருக்கும் மேல். 2021 மே 2 இரவிலிருந்து மறுநாளுக்குள் அந்த மாவட்ட மருத்துவமனையில் ஆக்ஸிஜன் தட்டுப்பாட்டின் நடுவே 24 நோயாளிகள் இறந்தார்கள். அந்த வாரத்தில் பள்ளியைத் திற என்று யாரும் கேட்டிருக்க முடியாது, கேட்டிருக்கவும் கூடாது.

அதே மாவட்டம் ஆகஸ்டில் வேறு நிலையில் இருந்தது. அலை வடிந்திருந்தது. பெரியவர்களுக்குத் தடுப்பூசி கிடைத்தது. பாட்டிக்கும் ஆசிரியருக்கும் ஊசி போட்டுவிட்டால் பிள்ளை கொண்டுவரும் ஆபத்து பெருமளவு குறையும். பள்ளியைத் திறக்கும் சாவி பாதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருந்தது என்றே சொல்லலாம்.

எண்ணப்படாத இழப்பு

இந்த நான்கு கேள்விகளும் திறந்தால் வரும் தீமையைப் பற்றியவை. மூடினால் வரும் தீமையும் உண்டு. முன்னதைத் தினமும் மாலை அறிக்கையில் எண்ணினோம்; பின்னதை எண்ணவே இல்லை.

எண்ணிப் பார்த்த சிலர் சொன்னது அதிர்ச்சியானது. அசிம் பிரேம்ஜி அறக்கட்டளை கர்நாடகம் உட்பட ஐந்து மாநிலங்களின் அரசுப் பள்ளிகளில் 2-ஆம் வகுப்பு முதல் 6-ஆம் வகுப்பு வரை 16,067 பிள்ளைகளைப் பார்த்தது. முந்தைய ஆண்டு கைவந்திருந்த மொழித் திறன்களில் குறைந்தது ஒன்றை இழந்திருந்தவர்கள் 92 சதவீதம். கணக்கில் 82 சதவீதம். புதிதாகக் கற்காதது வேறு. கற்றிருந்ததும் கைநழுவிப் போயிருந்தது. ஜான் த்ரேஸ், ரீத்திகா கேரா உள்ளிட்டோர் 2021 ஆகஸ்டில் 15 மாநிலங்களிலும் யூனியன் பிரதேசங்களிலுமாக ஏழை வீட்டுப் பிள்ளைகள் ஏறத்தாழ 1,400 பேரிடம் நடத்திய ஆய்வில், கிராமங்களில் ஒழுங்காக ஆன்லைனில் படித்தவர்கள் 8 சதவீதம். படிப்பே நின்றுபோனவர்கள் 37 சதவீதம்.

ஹனூர் போன்ற இடத்தில் இழப்பு இன்னும் ஆழம். வீட்டில் தமிழும் பள்ளியில் கன்னடமுமாக வளரும் பிள்ளைக்கு, சோலிகர் பழங்குடிக் குடியிருப்பிலிருந்து வரும் பிள்ளைக்கு, பள்ளி பூட்டினால் எழுத்து மட்டும் நிற்பதில்லை. படிக்கும் மொழியே காதில் விழாமல் போகிறது. பத்தாம் வகுப்பு மாணவி புத்தகத்தை வைத்துத் தானே தட்டுத்தடுமாறிப் படித்துவிடுவாள். எழுத்துக் கூட்டிப் படிக்கவே ஆரம்பிக்காத ஆறு வயதுப் பிள்ளைக்கு ஆசிரியர் இல்லாமல் எதுவுமே இல்லை.

தலைகீழான வரிசை

இப்போது எல்லாவற்றையும் சேர்த்துப் பாருங்கள். நோயால் ஆபத்து மிகக் குறைவு சின்னப் பிள்ளைகளுக்கு. பள்ளி இல்லாவிட்டால் இழப்பு மிக அதிகமும் அவர்களுக்கே. கிராமத்தில் அவர்களுடைய பள்ளிதான் சிறியது, பக்கத்திலேயே இருப்பது, பஸ் ஏறாமல் நடந்து போகக்கூடியது. அறிவியல் சொன்ன வரிசை கீழிருந்து மேலே. நாம் திறந்த வரிசை மேலிருந்து கீழே: 9 முதல் 12 வரை ஆகஸ்ட் 23, 6 முதல் 8 வரை செப்டம்பர் 6, 1 முதல் 5 வரை அக்டோபர் 25, எல்.கே.ஜி., யு.கே.ஜி. நவம்பர் 8. தமிழ்நாட்டிலும் செப்டம்பர் 1-இல் 9-ஆம் வகுப்புக்கு மேல், நவம்பர் 1-இல்தான் ஒன்று முதல் எட்டு வரை.

டென்மார்க் இதை நேர்மாறாகச் செய்தது. 2020 ஏப்ரல் 15 அன்று, முதல் அலை முடியும் முன்பே, மழலையர் காப்பகங்களையும் ஐந்தாம் வகுப்பு வரையிலும் முதலில் திறந்தது. 2021 ஜூலை 20 அன்று ஐசிஎம்ஆர் தலைமை இயக்குநர் பல்ராம் பார்கவாவும், இந்தியா தொடக்கப் பள்ளிகளை முதலில் திறப்பதே நல்லது என்று டெல்லியில் வெளிப்படையாகச் சொன்னார்.

அவர் அன்று வெளியிட்ட தேசிய ஆய்வில் ஓர் எண் இருந்தது. அதை நான் மிக முக்கியமானதாக நினைக்கிறேன். 70 மாவட்டங்களில் ரத்தம் எடுத்துப் பார்த்ததில், 6 முதல் 9 வயது வரையுள்ள பிள்ளைகளில் 57.2 சதவீதம் பேருக்குக் கொரோனா எதிர்ப்புப் புரதம் இருந்தது. அந்த வயதுக்கு அப்போது தடுப்பூசியே கிடையாது. எனவே அவ்வளவு பேருக்கும் தொற்று வந்து போயிருந்தது. 2020 மார்ச்சிலிருந்து அந்தப் பதினாறு மாதமும் அவர்களுடைய பள்ளிகள் நாட்டின் பெரும்பகுதியில் பூட்டியே இருந்தன. கிருமி பள்ளிக்காகக் காத்திருக்கவில்லை. வேலைக்கும் சந்தைக்கும் கல்யாணத்துக்கும் போய் வந்த பெரியவர்களோடு வீட்டுக்குள் வந்து சேர்ந்தது.

பெற்றோரின் பயத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சின்னதாக இருப்பதைத்தான் முதலில் காப்பாற்றத் தோன்றும். பெரிய பிள்ளைகள் முகக்கவசத்தை ஒழுங்காகப் போடுவார்கள் என்பதும், பொதுத்தேர்வு நெருங்குகிறது என்பதும் நியாயமான காரணங்கள்தான். ஆனால் அந்தக் காரணங்கள் பெரிய வகுப்புகளைத் திறக்கச் சொல்கின்றனவே தவிர, சின்ன வகுப்புகளை மூடிவைக்கச் சொல்லவில்லை.

அடுத்த நோய்

இதே வரிசை அடுத்த கொள்ளைநோய்க்கும் பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஃபுளூ காய்ச்சல் பள்ளிப் பிள்ளைகளிடம்தான் வேகமாகப் பரவும். அதற்கு முதல் சில வாரங்கள் பள்ளியை மூடுவது நல்ல பலன் தரலாம். தட்டம்மையும் போலியோவும் சின்னக் குழந்தைகளையே தேடிப் பிடிப்பவை. சாமராஜநகரின் எல்லையைத் தொட்டிருக்கும் கேரளத்தில் 2023 செப்டம்பரில் நிபா வந்தபோது கோழிக்கோடு மாவட்டம் மட்டும் சில நாட்கள் பள்ளிகளை மூடியது. உயிர்க்கொல்லி நோய், ஒரு மாவட்டம், குறுகிய காலம், பிறகு திறப்பு. அது அளந்து எடுத்த முடிவு. நோய் மாறினால் பதில் மாறும். கேட்க வேண்டிய கேள்விகள் மாறுவதில்லை.

அந்தக் கேள்விகளில் பாதிக்கு நோய் வருவதற்கு முன்பே பதில் எழுதி வைத்துவிடலாம். எந்த அறையில் எத்தனை பேர், எந்தச் சன்னல் திறக்காது, மரத்தடியில் எத்தனை பேரை உட்காரவைக்கலாம், ஆசிரியர்களில் சர்க்கரை நோய் உள்ளவர் யார், எந்தப் பிள்ளை தாத்தா பாட்டியோடு இருக்கிறது, பக்கத்து ஆக்ஸிஜன் படுக்கை எங்கே. தலைமை ஆசிரியரும் எஸ்.டி.எம்.சி. எனும் பள்ளி மேம்பாட்டுக் கண்காணிப்புக் குழுவின் உறுப்பினர்களும் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரும் ஒரு மாலை கூடி உட்கார்ந்தால் முடிகிற வேலை இது. மாநிலம் செய்ய வேண்டியது வேறு: பரவல் எந்த அளவைத் தொட்டால் மூடலாம், எந்த அளவுக்கு இறங்கினால் திறந்தே ஆகவேண்டும், யாரை முதலில் உள்ளே அழைக்க வேண்டும் என்று பதற்றம் இல்லாத நாளிலேயே எழுதி வைப்பது. பள்ளியை மூடச் சொல்லும் உத்தரவு வந்தால், திறப்பதற்கான நிபந்தனையும் அதே தாளில் இருக்க வேண்டும். அது இல்லாத உத்தரவைப் பெற்றோர் ஏற்றுக்கொள்ளக் கூடாது.